பெருங்காமநல்லூருக்கு ஜாலியன்வாலாபாக் எதற்கு?

ஏப்ரல் 3 நெருங்கினால் உசிலம்பட்டி வட்டாரத்தில் ‘தென்னாட்டு ஜாலியன்வாலாபாக்’ என்ற அடைமொழி தவறாமல் காதில் விழும். 1920-இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பேச்சாளர்களும் எழுத்தாளர்களுமாகச் சேர்ந்து சூட்டிய பட்டம் அது. நல்ல எண்ணத்தில் சூட்டியதுதான், மறுக்கவில்லை. மதுரையைத் தாண்டினால் ஊர் பெயரே பலருக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயரைப் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் போய்ச் சேரும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் இந்த ஒப்பீடு அந்த ஊருக்கு நன்மையைவிடக் கெடுதலைத்தான் அதிகம் செய்திருக்கிறது என்பது என் கட்சி. உலக வரலாற்றில் பெருங்காமநல்லூரை எங்கே வைப்பது என்று கேட்டால், ஜாலியன்வாலாபாக் இருக்கும் அமிர்தசரஸைக் காட்ட மாட்டேன். தென்னாப்பிரிக்காவில் ஷார்ப்வில் என்று ஓர் ஊர் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் வையுங்கள் என்பேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவுக்காக வந்தது. 1911-இல் அதைத் திருத்தி எழுதியபோது சென்னை மாகாணமும் அதன் கைக்குள் வந்தது. பதிவு செய்யப்பட்டவர்களின் விரல் ரேகையை எடுக்கும் அதிகாரமும் கூடவே வந்தது. நம் பக்கத்து ஜனங்கள் அதைச் சுருக்கமாக ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். 1914-இல் மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மீது முதலில் பாய்ந்தது. 1918-இல் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அறிவிக்கப்பட்டது. வயது வந்த ஆண் என்றால் ரேகை கொடுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும், ராத்திரி ஆனால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ ஆஜராக வேண்டும். எந்த வழக்கிலும் சிக்காதவருக்கும் இதுதான் விதி. பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை தர மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று காலையில் ஆயுதப் போலீசோடு அதிகாரிகள் வந்தார்கள், துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் 16 பேர் பலியானதாக ஊர் நினைவில் வைத்திருக்கிறது. உயிர் பிழைத்தவர்கள்மீது வழக்குகள் போடப்பட்டன. கள்ளர்களுக்காக வாதாடியவர் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப். அவரை இந்தப் பக்கத்து ஜனங்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று கொண்டாடினார்கள். பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைக்கும் அளவுக்கு அந்த நன்றி நீண்டது.

இனி அந்த ஒப்பீட்டுக்கு வருவோம். ஜாலியன்வாலாபாக்கில் 1919 ஏப்ரல் 13 அன்று கூடியிருந்தவர்களில் ரௌலட் சட்டத்தை எதிர்த்து வந்தவர்கள் உண்டு, வைசாகித் திருவிழாவுக்கு வந்து சும்மா எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. ராணுவ அதிகாரி டயர் சுட்டது ஒரு பொதுக் கூட்டத்தை. ரௌலட் சட்டம் கொடியது என்றாலும், இன்ன சாதியில் பிறந்தவன் மட்டும் அதற்குக் கட்டுப்பட்டவன் என்று அது சொல்லவில்லை. பெருங்காமநல்லூரில் சுடப்பட்டவர்கள் கூட்டம் போட்டு அரசியல் பேசியவர்கள் அல்லர். ‘உன் பிறப்பே குற்றம், அதற்குச் சான்றாக விரலை மையில் வை’ என்று சொன்னபோது முடியாது என்றவர்கள். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் இரண்டு நஷ்டம். ஒன்று, எண்ணிக்கைக் கணக்கு. அமிர்தசரஸில் அரசாங்கம் ஒப்புக்கொண்டதே 379 உயிர்கள். அதன் பக்கத்தில் 16 என்று எழுதினால், நம் ஊர் எப்போதும் பெரிய சம்பவத்தின் சின்ன நகலாகத்தான் தெரியும். இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரிது. ஜாலியன்வாலாபாக் விடுதலைப் போராட்டக் கதையின் ஒரு அத்தியாயம். வெள்ளைக்காரன் போனதும் அந்தக் கதை முடிந்துவிடுகிறது. பெருங்காமநல்லூர் கேட்ட கேள்வி வெள்ளைக்காரனோடு போகவில்லை. ஒரு மனிதன் என்ன செய்தான் என்று பார்க்காமல், யாருக்குப் பிறந்தான் என்று பார்த்து அரசு அவனைப் பதிவேட்டில் ஏற்றலாமா என்பது அந்தக் கேள்வி.

இந்தக் கேள்வியின் வேரைத் தேடினால் அது கல்கத்தாவில் போய் நிற்கிறது. விரல் ரேகையின் வரலாற்றைப் பொதுவாக ஸ்காட்லாந்து யார்டின் துப்பறியும் சாதனையாகத்தான் எழுதுவார்கள். ஆனால் லண்டனில் ரேகைப் பிரிவு தொடங்கியது 1901-இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1897-இல், கல்கத்தாவில் ரேகைப் பணியகம் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1858-இல், ஹூக்ளி மாவட்டத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, கொடுத்த ஒப்பந்தத்தை நாளைக்கு மறுக்கக் கூடாது என்பதற்காக ஒரு ஒப்பந்தக்காரரின் உள்ளங்கைப் பதிவை வாங்கினார். லட்சக்கணக்கான ரேகைகளுக்குள் ஒன்றைத் தேடி எடுக்க வசதியாக வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள அதிகாரிகளின் பங்கு பெரியது. ஆனால் அந்த முறைக்கு நிலைத்த பெயர் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. இந்தியர்களை முகம் பார்த்துப் பிரித்தறிய முடியவில்லை, பெயரும் ஊரும் மாற்றிச் சொல்கிறார்கள் என்பதுதான் வெள்ளை அதிகாரிகளின் புகார். அதற்கு மருந்தாகத்தான் ரேகை வந்தது.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படும் முரண் இருக்கிறது. ரேகை அறிவியலின் அடிப்படையே ஒருவர் ரேகை இன்னொருவருக்கு இருக்காது என்பது. இரட்டைப் பிறவிகளுக்குக்கூட வேறு வேறு. அதாவது, ஒவ்வொரு மனிதனும் தனி மனிதன் என்று நிரூபிக்க இதைவிட வலுவான சாட்சி கிடையாது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் அடிப்படையோ நேர் எதிர். தச்சன் மகன் தச்சன் ஆவதுபோல் திருடன் மகன் திருடன்தான் ஆவான், இது பரம்பரைத் தொழில் என்ற நம்பிக்கையின்மேல் எழுந்த சட்டம் அது. அதன் கண்ணில் ஒரு சாதியில் பிறந்த எல்லாரும் ஒரே ஆள். ஆக, எல்லாரும் வேறு வேறு என்று காட்டும் கருவியை வைத்து, எல்லாரும் ஒன்றே என்று சொல்லும் சட்டத்தை நடத்தினார்கள். இந்த முரண் அந்தக் காலத்து அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. பெருங்காமநல்லூரில் சூடு நடந்த அதே 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில் கைதிகளை அடையாளம் காணும் சட்டம் என்று ஒன்று வந்தது. பொதுவான குடிமகனிடம் ரேகை எடுக்க வேண்டும் என்றால், ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் விதிக்கக்கூடிய குற்றத்தில் அவன் கைதாகியோ தண்டனை பெற்றோ இருக்க வேண்டும் என்பது அதன் பொது விதி. முன்பு தண்டனை பெறாத ஆள் வழக்கில் விடுதலையானால் எடுத்ததை அழித்துவிட வேண்டும் என்றும் அது சொன்னது. ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒருவனுக்கு நிரபராதி என்று ஆனதும் ரேகை அழியும். இன்னொருவனுக்குக் குற்றச்சாட்டே இல்லாமல் ரேகை ஏறும். பெருங்காமநல்லூர் விவசாயிகள் இந்தச் சட்டப் புத்தகங்களைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் தப்பு செய்தவனிடம் ரேகை வாங்கு, செய்யாதவனிடம் ஏன் கேட்கிறாய் என்ற அவர்கள் நியாயமும், கைதிகள் சட்டம் பொதுமக்களுக்குக் கொடுத்த பாதுகாப்பும் ஒன்றேதான்.

இந்த நியாயத்தை முதலில் உலகத்துக்குக் கேட்கும்படி சொன்ன இடம் ஜோகன்னஸ்பர்க். கல்கத்தாவில் ரேகை முறையை நடத்திய அதே எட்வர்ட் ஹென்றி 1900-இல் ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வாலுக்குப் போலீசை ஒழுங்குபடுத்த அனுப்பப்பட்டார். 1906-இல் அந்த அரசு, அங்கிருந்த ஆசியர்கள் எல்லாரும் விரல் ரேகையோடு பதிவு செய்ய வேண்டும் என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. செப்டம்பர் 11 அன்று எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர்கள் கட்டுப்பட மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். பிற்பாடு சத்தியாகிரகம் என்று பெயர் பெற்ற போராட்ட முறை அங்கே பிறந்தது. அதில் சிறைக்குப் போனவர்களில் தமிழர் பங்கு பெரிது. பத்து விரல் ரேகை சட்டப்படி குற்றவாளிகளிடம்தான் கேட்கப்படுகிறது என்பதை ஹென்றியின் புத்தகத்திலிருந்தே தெரிந்துகொண்டதாகக் காந்தி எழுதியிருக்கிறார். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 1908 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டபோது தானாக முன்வந்து ரேகை கொடுக்கக் காந்தி சம்மதித்தார். அதற்காக மீர் ஆலம் என்ற பட்டாணியரிடம் அடியும் வாங்கினார். அரசு வாக்குத் தவறியதும் அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவுச் சான்றுகள் கொளுத்தப்பட்டன. ரேகை என்பது மையும் தாளும்தான், அதில் தீட்டு ஒன்றும் இல்லை. கட்டாயமும், ஒரு கூட்டத்தை மட்டும் குறிவைப்பதும்தான் பிரச்சினை என்பதை இந்தச் சம்பவமே காட்டிவிடுகிறது.

அதே பழைய டிரான்ஸ்வாலில்தான் ஷார்ப்வில் இருந்தது. ஆசியர்களிடம் தொடங்கியது அங்கே நின்றுவிடவில்லை. 1952-இல் கறுப்பின மக்கள் எல்லாரும் ரேகையோடு கூடிய பாஸ் புத்தகம் சுமக்க வேண்டும் என்று வெள்ளை அரசு ஒரே சட்டமாக ஆக்கியது. எங்கே தங்கலாம், எங்கே வேலை பார்க்கலாம், எந்த நகரத்துக்குள் எத்தனை நேரம் இருக்கலாம் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில். நம் ராதாரிச் சீட்டின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். 1960 மார்ச் 21 அன்று ஆயிரக்கணக்கானோர் பாஸ் இல்லாமல் ஷார்ப்வில் போலீஸ் நிலையத்துக்கு முன்னால் போய் நின்று எங்களைக் கைது செய் என்றார்கள். போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்தார்கள். பெருங்காமநல்லூரோடு ஒட்டிப் பாருங்கள்: பிறப்பை வைத்துப் போட்ட பதிவு, நடமாட்டத்துக்குச் சீட்டு, ஒத்துழைக்க மாட்டோம் என்ற மறுப்பு, கூட்டம் தாக்க வந்ததால் சுட்டோம் என்ற அரசுத் தரப்பு விளக்கம். வரிசை அப்படியே பொருந்துகிறது. வித்தியாசம் பின்னால் நடந்ததில். ஐ.நா. சபை மார்ச் 21-ஐ இனப் பாகுபாடு ஒழிப்பு நாளாக்கியது. 1996-இல் மண்டேலா புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட ஷார்ப்வில்லைத் தேர்ந்தெடுத்தார். ஷார்ப்வில்லுக்கு நாற்பது ஆண்டு முன்பே அதே காரணத்துக்காக உயிர் கொடுத்த பெருங்காமநல்லூரோ, வட்டாரத்து நினைவாகவே நின்றுவிட்டது.

இதற்கு வரும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். ‘திருட்டே நடக்கவில்லையா? ஆடு மாடு களவு போனது பொய்யா?’ பொய் இல்லை. களவு கொடுத்துவிட்டுத் துப்புக்கூலி கட்டி மாட்டை மீட்ட குடியானவர்களின் கஷ்டம் நிஜம். 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் விவசாயிகள் பண்டு சேர்த்துக் கள்ளர் காவலுக்கு எதிராகக் கிளம்பினார்கள் என்றால், அது யாரோ தூண்டிவிட்டு மட்டும் நடந்ததாக இருக்க முடியாது. இதை மறைத்துவிட்டு வீரவரலாறு எழுதுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் காரணம் இரத்தத்தில் இருந்ததா, நிலத்தில் இருந்ததா என்பதுதான் வழக்கு. நாயக்கர் காலத்தில் காவல் என்பது அங்கீகாரம் பெற்ற உரிமை. கம்பெனி அரசு போலீசை வைத்து அதைப் பிடுங்கியது. பிடுங்கிய இடத்தில் வேறு பிழைப்பு வைக்கவில்லை. 1895-இல் பெரியாறு அணை வந்தபோது தண்ணீர் மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்தது. உசிலம்பட்டி மேட்டுக்காடு மானாவாரியாகவே கிடந்தது. தண்ணீர் வந்த இடத்துக் கள்ளர்கள் விவசாயத்தில் ஊன்றினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கள்ளர்களில் பலரோ காவிரிப் பாசனத்தில் நிலவுடைமையாளர்கள். பெயரில் கள்ளர் என்று இருப்பதே குற்றம் என்றால் அவர்களிடம் ஏன் அந்தக் குற்றம் முளைக்கவில்லை? அரசாங்கமே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிக்கூடமும் கூட்டுறவுக் கடனும் நிலமும் கொடுக்கத் தொடங்கியது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றைக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் நடக்கின்றன. பள்ளிக்கூடத்தால் திருத்த முடியும் என்றால் அது பரம்பரை நோய் இல்லை. ஒரு கையில் பள்ளிக்கூடத்தையும் மறு கையில் ரேகைப் புத்தகத்தையும் வைத்திருந்த அரசுக்கு அந்தச் சட்டத்தின் அடிப்படையில் தனக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது மறுப்பு இந்தக் காலத்துக்கானது. ‘இப்போது எல்லாருமே ஆதாருக்கு விரல் வைக்கிறோம், ரேஷன் கடையில் வைக்கிறோம், இதற்குப் போய் இவ்வளவு ரோஷமா?’ நியாயமான கேள்விதான். பதில் ‘எல்லாரும்’ என்பதில் இருக்கிறது. கோடீஸ்வரரும் கூலித் தொழிலாளியும் ஒரே மாதிரி கொடுக்கும்போது அதில் இழிவு இல்லை; அதனால் வரும் பிரச்சினைகள் வேறு வகை, உச்ச நீதிமன்றம் 2018 தீர்ப்பில் அவற்றைத் தனியாக அலசியிருக்கிறது. ஒரு கூட்டத்தை மட்டும் தனியாகக் குறித்து வைக்கும்போதுதான் பதிவேடு ஆயுதமாக மாறுகிறது, அதுவும் எழுதியவர் கையில் இல்லாமல் அடுத்து வருபவர் கையில். பிரான்ஸ் 1912-இல் நாடோடி மக்களுக்கு ரேகையும் உடல் அளவுகளும் கொண்ட அடையாளப் புத்தகத்தைக் கட்டாயமாக்கியது. ஊருக்கு ஊர் முத்திரை வாங்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அரசு ‘நாடோடி’ என்று குறித்து வைத்திருந்த அதே மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். சிலர் போர் முடிந்த பிறகும் 1946 வரை வெளியே வரவில்லை. ருவாண்டாவில் 1930-களில் பெல்ஜியம் அடையாள அட்டையில் ஹூட்டு, டூட்சி என்று எழுதி வைத்தது. 1994-இல் சாலைத் தடுப்புகளில் கொலைகாரர்கள் கேட்டது அந்த அட்டையைத்தான். எழுதியவர்கள் இதை நினைத்து எழுதவில்லை என்று வாதிடலாம், இருக்கட்டும். எழுதாமல் இருந்திருந்தால் தேடிப் பார்க்க ஏடு இருந்திருக்காது.

மூன்றாவது மறுப்பு உள்ளூரிலிருந்தே வரும், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ‘பிறப்பை வைத்து முத்திரை குத்தியது தப்பு என்கிறீர்களே, பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நடந்தது என்ன?’ 1996-இல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது பத்து ஆண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடத்த விடவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. நாற்காலியில் உட்காரும் ஆளின் தகுதியை அவர் பிறப்பை வைத்து முடிவு செய்தவர்களில், பிறப்புக்காக ரேகை வைக்கச் சொன்னபோது உயிர் கொடுத்து எதிர்த்த சமூகத்தினரும் இருந்தார்கள். இதைச் சொல்வதால் பெருங்காமநல்லூர் தியாகம் சிறுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. சாதிப் பெருமையாக மட்டும் நினைத்தால்தான் அது சிறுக்கும். தென்னாட்டு ஜாலியன்வாலாபாக் என்ற பட்டம் இங்கேயும் தோற்கிறது: எதிரி வெள்ளைக்காரன் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டால், அதே அநியாயத்தை நாம் செய்யும்போது நமக்கு உறைக்காது. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்காதே என்பதுதான் 1920-இன் பாடம் என்று ஏற்றுக்கொண்டால், பாப்பாபட்டியில் தலித் ஒருவர் தலைவராக உட்கார்வதும் அந்தப் பாடத்தின் வெற்றியாகவே தெரியும்.

சட்டப் புத்தகத்தில் என்ன ஆயிற்று? முத்துராமலிங்கத் தேவரும் ஜீவாவும் பி. ராமமூர்த்தியும், இன்னும் பலரும் குரல் கொடுத்து, 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. 1952 ஆகஸ்ட் 31 முதல் நாடு முழுவதும் நீங்கியது. ஆனால் 1948-லேயே சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் ஒன்றை இயற்றியது. பிற மாநிலங்களும் அதே வழியில் போயின. தனிநபரின் தண்டனைக் கணக்கைப் பார்க்கும் சட்டம் என்பதால் ஏட்டளவில் இது முன்னேற்றம்தான். நடைமுறையில், குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் பழக்கம் அதற்குள் ஒட்டிக்கொண்டே வந்தது. எவ்வளவு தூரம் வந்தது என்பதற்கு அண்மைச் சாட்சி, 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. சிறை விதிப் புத்தகங்களில் சாதி பார்த்து வேலை பிரிப்பதையும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகள்போல் நடத்தும் விதிகளையும் அது செல்லாது என்றது. பெருங்காமநல்லூரில் குண்டு வெடித்து 104 ஆண்டு கழித்து, சுதந்திர இந்தியாவின் நீதிமன்றம் இதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கைதிகள் சட்டமோ 2022-இல் புதிய சட்டமாக மாறி, ரேகையோடு கருவிழி, உடல் மாதிரிகள் வரை விரிந்து, பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க வழி செய்கிறது.

ஆகவே அடுத்த ஏப்ரல் 3-க்குச் சுவரொட்டி அடிப்பவர்களுக்கு ஒரு யோசனை: பட்டத்தை மாற்றுங்கள். ஊர் பெயரே போதும், அதற்கு இரவல் பெயர் வேண்டாம். ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் ஷார்ப்வில்லோடு ஒப்பிடுங்கள். பாடப்புத்தகம் எழுதுபவர்களுக்கும் இதே யோசனைதான். பெருங்காமநல்லூரை விடுதலைப் போர்ப் பாடத்தின் ஓரத்தில் ஒரு வரியாகச் செருகாமல், விரல் ரேகை கல்கத்தாவில் பிறந்த கதை, ஜோகன்னஸ்பர்க்கில் மறுக்கப்பட்ட கதை, பிரான்சிலும் ருவாண்டாவிலும் பதிவேடுகள் என்ன செய்தன என்ற கதை, இவற்றோடு சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம். அப்படிப் படிக்கும் பிள்ளைக்கு, 1920-இல் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் எதை எதிர்த்தார்கள் என்பது மட்டுமா புரியும்? நாளைக்கு ஏதோ ஒரு அரசு ஏதோ ஒரு கூட்டத்தை மட்டும் தனியாக வரிசையில் நிற்கச் சொல்லும்போது, என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.